கார்னெட் மாமா

எங்கள் பேத்தி கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருக்கிறாள். குடியரசு தின அணிவகுப்புக்கு முந்தின மாலையில் அவள் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்துப் போட்டுக்கொண்டு, இடுப்பு வாரின் பித்தளைக் கொக்கியில் பிராஸோவைத் தடவித் துணியால் தேய்க்கத் தொடங்கினாள். "நெடி அடிக்கும் தாத்தா, நீங்க வேணா உள்ளே போய் உக்காருங்க" என்றாள். நான் போகவில்லை. அந்த நெடி மூக்கில் ஏறிய மாத்திரத்தில், ஜோகூர் ராஜ்யத்தில் கூலாய் ஊருக்குப் பக்கத்திலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டமும், அதன் ஆஸ்பத்திரித் தாழ்வாரமும், அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் முக்காலியில் அமர்ந்து தம்முடைய கார்னெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரும் கண்முன்னே வந்து நின்றார்கள்.

அவர் தோட்டத்து டிரஸ்ஸர். என் தகப்பனார் அதே தோட்டத்தில் கிராணியாராக இருந்தார். டிரஸ்ஸர் திருநெல்வேலிச் சீமைக்காரர். அங்கே ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தின் வாத்தியக் குழுவில் சிறு வயதிலேயே கார்னெட் பழகிக்கொண்டு, கப்பலேறும்போது துணிப்பெட்டியோடு அதையும் கொண்டுவந்தவர். ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவர் என்றென்றும் கார்னெட் மாமாதான். காலையில் காய்ச்சல்காரர்களுக்கு கொய்னா கொடுப்பார், புண்களுக்குக் கட்டுப் போடுவார். மாலையில் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து ஞானப்பாட்டு வாசிப்பார். வாசிக்குமுன் அந்தப் பித்தளையைத் துடைப்பது அவருக்கு ஒரு நியமம். "எலே தம்பி, அழுக்குப் பிடிச்ச வாத்தியம் பொய் சொல்லும்லே" என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பார். லயங்களில் குடியிருந்த பால்மரத் தொழிலாளிகள் அவரவர் வாசலில் குந்தியிருந்து கேட்பார்கள். அது எந்த மதத்துப் பாட்டு என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

தோட்டத்தில் அதற்கு முன்பும் வாத்தியச் சத்தம் இல்லாமல் இல்லை. விடியுமுன் இருட்டில் தப்பு அடிப்பார்கள். அடித்த சிறிது நேரத்துக்கெல்லாம் ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்தில் வரிசையாக வந்து நிற்கவேண்டும். கங்காணி பெயர் கூப்பிடுவான். துரை சில நாட்களில் குதிரைமேல் வந்து பார்ப்பார். அந்தத் தப்பொலி கேட்டதும் எழுந்து ஓடிய எங்கள் ஜனங்கள், வரிசையில் நிற்கும்போது தலையைச் சற்றே தாழ்த்தி, தோள்களைக் குறுக்கிக்கொண்டு நிற்பார்கள். சிறுவனாகிய எனக்கு அதுதான் மனிதர்கள் நிற்கும் விதம் என்ற எண்ணம் இருந்தது. வேறுவிதமாகவும் நிற்கலாம் என்பதை நான் கண்டது பின்னால்.

யுத்தம் எங்கள் தோட்டத்துச் சாலையில் லாரிகளின் வடிவத்தில் வந்தது. வடக்கிலிருந்து ஆங்கிலேயரும் ஆஸ்திரேலியரும் பஞ்சாபியரும் கூர்க்காக்களுமாகப் பின்வாங்கிச் சென்ற படைகள் பல நாட்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டேயிருந்தன. சேறு படிந்த அந்த முகங்களில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. 1942 ஜனவரி 31ஆம் தேதி காலையில் அவர்களுடைய கடைசிப் படை ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் போயிற்று; அதன் பிறகு பாலத்தை வெடி வைத்துப் பிளந்தார்கள். அந்தக் கடைசிப் படை ஆர்கைல் என்ற ஸ்காட்லாந்து ரெஜிமெண்டு. மலாயா நெடுகப் போரிட்டுப் பெரும்பகுதி அழிந்துபோன அந்தப் படையில், தோல்பை வாத்தியமாகிய பேக்பைப் வாசிப்போர் இருவர் மட்டுமே எஞ்சியிருந்தனர். அவ்விருவரும் முன்னே நின்று வாசிக்க, மற்றவர்கள் அந்த இசைக்குக் கால்வைத்துப் பாலத்தைக் கடந்தார்கள் என்பதைப் பிற்காலத்தில் நான் புத்தகங்களில் படித்தேன். ஜெயித்தவனுக்கு வாத்தியம் ஓர் அலங்காரம். தோற்றுத் திரும்புகிறவனுக்கோ அது முதுகெலும்பு. அந்த இருவர் வாசிக்காதிருந்தால் பாலத்தைக் கடந்தவர்கள் ஓடிப் பிழைத்த சிலராக இருந்திருப்பார்கள். வாசித்தபடியால் ஒரு ரெஜிமெண்டாகக் கடந்தார்கள்.

பதினைந்து நாட்களில், பிப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பானியர் அதற்கு ஷோனான் என்று பெயர் சூட்டினார்கள். கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொன்னார்கள். வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள் புழங்கின. அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளைக்கும் ஆகாரமாயிற்று. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் கிழக்கு நோக்கி வணங்கி, பொருள் தெரியாமல் கிமிகாயோ பாடினோம். அதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது, லாரிகள் மறுபடியும் வந்தபோது நடந்தது. இம்முறை அவை சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் பிடிக்க வந்தவை. மூன்று மாதத்தில் திரும்பலாம், நல்ல சம்பளம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு சொல்லாமலும் ஏற்றினார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டை வெட்டிப் போட்ட அந்தப் பாதையில் மலாயாத் தமிழர்கள் பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். எங்கள் கீழ்லயத்திலிருந்து போனவர்களில் திரும்பியவர்கள் மிகச் சிலர். அவர்களை வழியனுப்ப எந்த வாத்தியமும் வாசிக்கப்படவில்லை. அந்த மாதங்களில் கார்னெட் மாமாவும் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பெட்டியை மூடி, மருந்து அலமாரிக்குமேல் வைத்துவிட்டார். அதனருகே பாதி காலியான ஒரு பிராஸோ டப்பாவும் இருந்தது.

அப்படியிருந்த சமயத்தில், 1943ஆம் வருஷம் ஜூலை மாதத் தொடக்கத்தில், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார் என்ற செய்தி தோட்டந்தோட்டமாகப் பரவியது. 9ஆம் தேதி நகர மண்டபத்தின் எதிரேயுள்ள பாடாங் மைதானத்தில் பொதுக்கூட்டம் என்று கேள்விப்பட்டு, என் தகப்பனார், மாமா, நான், இன்னும் தோட்டத்தார் பலர் ஒரு பழைய லாரியில் இடித்துப் பிடித்து ஏறிக்கொண்டு போனோம். அன்று அங்கே கூடியவர்கள் 60,000 பேர் என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். சிறுவனாகிய என் கண்ணுக்கு உலகத்திலுள்ள இந்தியர்கள் அத்தனைபேரும் வந்துவிட்டதாகவே தோன்றிற்று. மூன்று லட்சம் வீரர்களும் மூன்று கோடி டாலரும் வேண்டும் என்று அவர் கேட்டதும், அதைத் தமிழில் எடுத்துச் சொன்னபோது கூட்டத்தில் எழுந்த ஆரவாரமும் எனக்குத் தெரிந்தன. ஆனால் என் சரீரத்தில் இன்றளவும் தங்கியிருப்பது அந்தப் பேச்சல்ல, அதற்குமுன் ஒலித்த வாத்தியம். முதலில் சிறு முரசுகள் மூன்று காலடி நேரத்துக்கு ஓர் உருட்டு உருட்டின; ஒரு கணம் ஓய்ந்து, மீண்டும் மூன்று அடி உருட்டின; உடனே பெருமுரசு ஓங்கி ஒலிக்க, பித்தளை வாத்தியங்கள் ஏககாலத்தில் எழுந்தன. என் பக்கத்தில் நின்றிருந்த எங்கள் தோட்டத்துக் கிழவர் ஒருவர், வெற்றிலைப் பையை மடியில் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவர் அப்படி நின்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வழியில் மாமா எனக்கு அந்த வித்தையை விளக்கினார். பெருமுரசின் அடி எப்போதும் இடது காலுக்கு. சாதாரணக் காலாட்படைக்கு ஒரு நிமிஷத்தில் 120 அடி, கூர்க்காக்களைப் போன்ற ரைபிள் படைகளுக்கு 140. கார்னெட்டுகள் மெட்டைச் சொல்லும். யூஃபோனியம் அதற்கு அடியிலே வேறொரு நயத்தில் பதில் பேசும். டியூபா தரையைத் தாங்கும். "ஆயிரம் பேரு பயந்திருந்தாலும் ஆயிரம் இடது காலும் ஒரே சமயத்துல விழுந்தா, எவன் பயந்தவன்னு எவனுக்கும் தெரியாதுலே" என்றார். ராணுவ சங்கீதத்தைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ படித்திருக்கிறேன். இதைக் காட்டிலும் சரியான விளக்கத்தைக் கண்டதில்லை. வாத்தியம் ஒருவனைத் தைரியசாலி ஆக்குவதில்லை. அவன் தனியாக இல்லை என்பதை அவன் பாதத்துக்கு அறிவிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சயாம் லாரிகளுக்கு ஒவ்வொருவனாக ஒளிந்துகொண்டிருந்த ஜனங்களுக்கு அந்த அறிவிப்பு எவ்வளவு பெரியது என்பதை அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களே அறிவார்கள்.

மறுவாரம் மாமா கார்னெட்டை இறக்கினார். பிராஸோவை மிச்சம் பிடிக்கவேண்டுமென்று முதலில் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் துலக்கி, கடைசிக் கைக்கு மட்டும் டப்பாவிலிருந்து நாலு சொட்டு விட்டுக்கொண்டார். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, ஆஸ்பத்திரி வேலையும் வாத்தியமுமாக இரண்டையும் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். அது விநோதமான ஏற்பாடல்ல. யுத்தகாலத்தில் வாத்தியக்காரர்கள் டோலி தூக்குவதும் காயம்பட்டவர்களைப் பராமரிப்பதும் பல தேசத்துப் படைகளிலும் நெடுங்காலமாக உள்ள வழக்கம்.

அந்த ராணுவத்தின் சங்கீதத்துக்கு உயிராயிருந்தவர் காப்டன் ராம் சிங் டாகுரி. இமயமலைச் சாரலில் தரம்சாலாவில் பிறந்த கூர்க்கா. ஆங்கிலேயரின் கூர்க்கா ரெஜிமெண்டில் பணிபுரிந்து மலாயாவில் யுத்தக் கைதியாகி, பிறகு தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். வம்சீதர் சுக்லாவின் சொற்களுக்கு அவர் அமைத்த 'கதம் கதம் படாயே ஜா' என்ற நடைமெட்டைக் கேட்காத தோட்டம் மலாயாவில் இருந்திருக்காது. தாகூரின் ஜன கண மன மெட்டில் அமைந்த 'சுப சுக சைன்' என்ற கீதத்துக்கு வாத்திய அமைப்புச் செய்தவரும் அவரே. நேதாஜி அவருக்கு ஒரு வயலினைப் பரிசளித்தார். படைக்கு அரிசியும் தோட்டாவும் போதாத நிலையில் ஒரு தலைவர் வாத்தியக்காரருக்கு வயலின் கொடுத்தார் என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அரிசியையும் தோட்டாவையும் பிறரிடமே கேட்டு வாங்கவேண்டியிருந்த அந்த ராணுவத்துக்கு, யாரையும் கேளாமல் தானே உண்டாக்கிக்கொள்ளக்கூடிய ஆயுதம் அது ஒன்றுதான் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பது என் துணிபு.

ஒரு நாள் ஆறேழு வாத்தியக்காரர்கள் எங்கள் தோட்டத்துக்கே வந்தார்கள். மாமாவும் அவர்களில் ஒருவர். எந்தப் பெரட்டுக்களத்தில் எங்கள் ஜனங்கள் தோளைக் குறுக்கி நிற்பார்களோ அதே களத்தில் அவர்கள் வட்டமாக நின்று வாசித்தார்கள். சிறுவர் படையான பாலசேனையில் சேர்ந்திருந்த நாங்கள் மூங்கில் கழிகளைத் துப்பாக்கியாகத் தோளில் சாத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தோம். இந்தி வார்த்தைகள் வாயில் நுழையாதவர்களுக்காக, தோட்டத்தார் யாரோ அந்த மெட்டுக்குத் தமிழ் வார்த்தைகளைப் பொருத்தியிருந்தார்கள். பெண்கள் கும்மிக்குப் பாடுவதைப்போல் இழுத்துப் பாட, பெருமுரசுக்காரர் சிரித்துக்கொண்டே அவர்களுக்காகத் தாளத்தைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி, பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு, அன்றே பெயர் கொடுத்தாள். 1943 அக்டோபரில் ஜான்ஸி ராணிப் படையின் முகாம் சிங்கப்பூரில் திறந்தபோது, காப்டன் லக்ஷ்மியின் தலைமையில் பயிற்சி பெற்ற பெண்களில் அவளும் இருந்தாள். அவளுடைய தாயார் மூன்று நாள் அழுதார்கள். பிறகு ஊர்வலத்தில் மகள் காற்சட்டையும் தொப்பியுமாக வாத்தியத்துக்குக் கால்வைத்து வந்ததைப் பார்த்தபின் அழவில்லை.

தமிழர்களுக்கு இது புதிய விஷயமும் அன்று. போர் முரசைத் தெய்வமாகக் கருதி அதற்குத் தனிக் கட்டில் இட்டு வழிபட்டவர்கள் நம் முன்னோர்கள். அறியாமல் அந்த முரசுகட்டிலில் படுத்து உறங்கிவிட்ட மோசிகீரனாரைக் கொல்லாமல், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்றதைப் புறநானூறு சொல்கிறது. அந்தக் கதையை நாம் அரசனுடைய தமிழ்ப்பற்றுக்கு உதாரணமாகவே எடுத்துச் சொல்கிறோம். முரசின் கட்டிலைத் தீண்டியவனுக்கு மரணமே தண்டனையாக இருந்தது என்ற பகுதியைக் கடந்து போய்விடுகிறோம். ஒரு படையின் உயிர் முரசில் இருக்கிறது என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள்.

படையோடு பர்மாவுக்குப் போன பிறகு மாமாவைப் பற்றி வெகுநாள் தகவல் இல்லை. 1944 வசந்தத்தில் இம்பால் முனையில் தொடங்கிய போர், மழைக்காலத்தில் உணவும் மருந்தும் அற்றுப் பின்வாங்கலாக முடிந்தது. மாமா மேமியோ ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதை அவர் திரும்பி வந்து சொன்ன பின்னரே அறிந்தோம். அங்கே மலைக் காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் படுத்திருந்தவர்களுக்கு அவர் மாலையில் வாசிப்பாராம். முதல் நாள், உத்ஸாகம் வரட்டும் என்று நடைமெட்டு வாசித்தாராம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பையன் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் மாமா கட்டில் கட்டிலாகப் போய் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பஞ்சாபிகள் தங்கள் ஊர் அறுவடைப் பாட்டை முனகிக் காட்டினார்கள். தோட்டத்துப் பையன்கள் தியாகராஜ பாகவதர் பாட்டு வேண்டும் என்றார்கள். ஒருவன் காவடிச்சிந்து கேட்டான். கேட்டதெல்லாம் வாசித்தார். "மார்ச்சு காலுக்கு மருந்துலே, படுத்துக்கிடக்கவனுக்கு வீடுதான் மருந்து" என்று அவர் சொன்னபோது என் தகப்பனார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. யுத்தத்தில் மனோதைரியம் என்று அதிகாரிகள் எழுதுகிறபோது முன்னே செல்லும் கால்களைத்தான் கணக்கில் வைக்கிறார்கள். படுத்திருப்பவனும் மறுநாள் காலை கண் விழிக்க விரும்பவேண்டுமே! அதற்கும் ஒரு வாத்தியம் வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் புறப்பட்ட பெண்களுடன் திரும்பினாள். பகலில் விமானத்துக்கு அஞ்சிப் பதுங்கி, இரவில் சேற்றில் நடந்த அந்த நாட்களில் வாத்தியம் ஏது? ஒருத்தி மெல்ல அந்த நடைமெட்டை மூக்கால் முனக, அடுத்தவள் பிடித்துக்கொள்ள, அது வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வரும் என்று சொன்னாள். கால் கொப்புளங்கள் ஆறிய பிறகு அவள் மறுபடி பால் வாளியைத் தூக்கினாள். ஆனால் பெரட்டுக்களத்தில் தலை தாழ்த்தி நின்றதில்லை. அவளைப் போலவே நின்றவர்கள் பின்னர் பலரானார்கள். யுத்தத்துக்குப் பின் மலாயாத் தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் தலையெடுத்ததற்கு ராஜீயக் காரணங்கள் எத்தனையோ உண்டு. நிமிர்ந்து நிற்கப் பழகிய அந்த முதுகுகளையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பேன்.

ஆங்கிலேயர் செப்டம்பரில் திரும்பி வந்தார்கள். 12ஆம் தேதி அதே நகர மண்டபத்தில் ஜப்பானியர் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டனர். அதே பாடாங்கின் எதிரே ஜெயித்தவர்களின் கொடி ஏறியது. அந்த வருஷம் ஜூலையில்தான் நேதாஜி, மாண்ட வீரர்களுக்காகக் கடற்கரை எஸ்பிளனேடில் ஒரு நினைவுச் சின்னத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டியிருந்தார். ஆங்கிலேயர் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கல்லைத் தகர்க்கலாம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஆற்றங்கரையில் அந்த மெட்டைச் சீழ்க்கையடித்துக்கொண்டு போனதை யார் தகர்ப்பது?

மாமா கார்னெட் இல்லாமல்தான் திரும்பியிருந்தார். சிட்டாங் நதியைக் கடக்கும்போது, ஒரு காயம்பட்டவனைத் தூக்குவதற்காகப் பெட்டியைக் கரையில் வைத்தாராம். மறுபடி அக்கரைக்குப் போக இயலவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு தடவைக்கு மேல் பேசியதில்லை. சில வருஷங்களில் ஊருக்குத் திரும்பி, அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்து, காலமானார். ராம் சிங் லக்னோவில் ஆயுதப் போலீஸ் வாத்தியக் குழுவை நடத்தி, 2002ஆம் வருஷம் மறைந்தார். அந்நிய ஆட்சி ராஜத்துரோகம் என்று தடுத்த அவருடைய நடைமெட்டை இன்று இந்திய ராணுவமே வாசிக்கிறது. எங்கள் பேத்தி நாளைக்கு நடக்கப்போகும் அணிவகுப்பிலும் அது ஒலிக்கும்.

ராம் சிங்கின் பெயராவது சரித்திரத்தில் நிலைத்தது. அந்த மெட்டுகளுக்குத் தோட்டத்துத் தமிழர் பொருத்திய வார்த்தைகள் எங்கும் எழுதப்படவில்லை. எனக்கே நாலைந்து அடிகளுக்குமேல் வரவில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஜில்லாக்களில் மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் அநேகம் உண்டு. அவ்வீடுகளில் அந்தக் காலத்தில் பாலசேனையில் நடந்தவர்களோ, ராணிப் படையில் இருந்தவர்களின் மக்களோ உயிரோடு இருந்தால், அவர்கள் அருகில் உட்கார்ந்து, அந்தப் பாட்டை மெட்டோடு பாடச் சொல்லி, கைத்தொலைபேசியிலாவது பதிந்து வையுங்கள். அவர்களெல்லாம் மிகவும் முதியவர்கள். இந்த வருஷமே செய்துவிடுங்கள்.